லீக் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

என் கணவர் கோல்கீப்பர். பிழைப்புக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர். பொம்மிடிக்கும் தருமபுரிக்கும் இடையே ஓடும் வண்டி. ஆனால் புதிதாக யாராவது அறிமுகமானால், "கிளப்புல கீப்பரா இருக்கறனுங்க" என்றுதான் முதலில் சொல்வார். தோளில் டிக்கெட் பை தொங்கும்போதே அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் பொம்மிடிக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. வீட்டின் முன்னறையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை தைப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை கிளப்புக்குப் பனியன் வரும். நம்பர் வெட்டித் தைப்பது என் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கணவர் வீட்டில் இல்லாத நாள். அதற்காகவே மற்றவர்களின் பொங்கல் டியூட்டி, தீபாவளி டியூட்டி எல்லாம் அவர் பார்ப்பார். பதிலுக்கு அவர்கள் இவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு இதில் வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய். ஞாயிறுதான் மெஷின் நிம்மதியாக ஓடும் நாள்.

மாவட்டக் கால்பந்து லீக்கில் எங்கள் கிளப் நடுவில் எங்கோ இருக்கும். மேலே ஏறியதும் இல்லை, அடியில் விழுந்ததும் இல்லை. ஆட்டம் சாயங்காலம் என்றால் இவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். அந்த ஒரு ஞாயிறு மட்டும் வெயில் தாழ்வதற்குள் வந்துவிட்டார்கள். வேனிலிருந்து இறங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். என் கணவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.

"ஏங்க, ஆட்டம் நடக்கலையா?"

"நடந்துச்சு."

"அப்புறம்?"

"உக்காந்துட்டோம்" என்றார். சாப்பாடு போட்டேன், கேள்வி கேட்காமல் சாப்பிட்டார்.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். ஒத்துப்போன பகுதி இதுதான். டவுன் கிளப்போடு ஆட்டம். யாரும் கோல் போடவில்லை. இடைவேளை நெருங்கும்போது டவுன் கிளப்பின் ஆள் ஒருவர் ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஆனால் பக்கவாட்டு வலையில் ஒரு கிழிசல் இருந்தது. பந்து அந்தக் கிழிசல் வழியாக உள்ளே நுழைந்து, ஒன்றும் தெரியாத மாதிரி கோலுக்குள் போய்க் கிடந்தது. ரெஃப்ரி தூரத்திலிருந்து ஓடிவந்தார். பந்து வலைக்குள் இருப்பதைப் பார்த்தார். கோல் என்று விசில் கொடுத்தார்.

என் கணவர் சத்தம் போடவில்லையாம். பந்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கோல் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். ரெஃப்ரி பந்தைக் கேட்டார். தரவில்லை. கேப்டன் ஓடிவந்தார். எங்கள் கேப்டன் ரயில்வே கேட் அருகே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். என் கணவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். இவரைத் தூக்கிவிடத்தான் போனாராம். இவர் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

இதைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வளர்ந்த ஆண்கள், மீசை வைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், மைதானம் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் காட்சி. கல்லூரியிலிருந்து வந்திருந்த என் மகள், "பந்தியில எல போடலையாப்பா?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

லீக் கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. விசில் ஊதிய பிறகு ஆட மறுத்தால் அணியை நீக்கலாம் என்பது விதி. கேப்டன் மன்னிப்பு கேட்டால் விட்டுவிடுகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கேப்டன் எழுந்து, "பந்து வெளிய இருந்து உள்ள போச்சுங்க. அதுக்கு நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த வாரமே முடிவு வந்தது. கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டார்கள்: லீக்கிலிருந்து நீக்கம். ஒருவரும் பதில் எழுதவில்லை. மறுநாள் காலை கேப்டனின் மாமனார் வழக்கம்போல ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அதற்கும் பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு என் கணவர் வீட்டில் இருந்தார்.

காலையில் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருக்கிறது என்று கிளைகளை வெட்டினார். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த கிளைகள். பிறகு சமையலறை அலமாரியில் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். துவரம்பருப்பு எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். மத்தியானத்துக்கு மேல் என் கடைக்கு வந்து மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஊசி போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அளவு கொடுக்க வந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்களேன்."

"எங்க போறது?"

"கேப்டன் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க."

"அங்க அவன் உர்ருனு உக்காந்திருக்கறான். அவன் மூஞ்சியப் பாக்க முடியல."

இப்படிச் சில ஞாயிறுகள் போயின. பஸ்ஸிலும் அவருக்கு நிம்மதி இல்லை. ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கடத்தூரில் ஏறும் ஒரு வாத்தியார் தினமும், "இன்னைக்கி உக்காந்துக்கிட்டே டிக்கெட் போடறீங்களா?" என்பாராம். அதற்குக்கூட இவர் சிரிக்கப் பழகிவிட்டார். பழக முடியாதது வேறு. தருமபுரிக்குள் நுழையும் வழியில் அந்த ஆட்டம் நடந்த மைதானம் இருக்கிறது. ஜன்னலில் பார்த்தால் கோல் கம்பம் தெரியும். பிறகு அவரே ஞாயிற்றுக்கிழமை டியூட்டி கேட்டு வாங்க ஆரம்பித்தார். ஒருநாள் அந்த வண்டியின் டிரைவர் எங்கள் கடைக்கு வந்தபோது சொன்னார்: "சாயங்கால டிரிப்புல கிரவுண்டத் தாண்டறப்ப உங்க வூட்டுக்காரரு விசில் குடுக்கவே மறந்துடறாருங்க. ஸ்டாப்புல ரெண்டு பொம்பளைங்க எறங்கணும்னு கத்தறாங்க. இவரு ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கறாரு." அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரின் ஞாயிறு எனக்கு வேண்டாம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். ஆட்டமே இல்லாமல் பயிற்சி எதற்கு என்று கேட்டார்கள். ஒருவர் ஓசூர் கம்பெனியில் ஞாயிறு ஓவர்டைம் பார்க்கப் போனார். இன்னொருவர் தக்காளித் தோட்டத்துக்குப் போனார். அவர் மனைவி என்னிடம், "லீக்குல இருந்து எடுத்தது நல்லதா போச்சுக்கா" என்றாள். இன்னொரு வீட்டில் அதே காரணத்துக்காகச் சண்டை.

அப்போதுதான் எங்கள் சென்டர் ஃபார்வர்டு என்னைப் பார்க்க வந்தான். கிளப்பில் நிஜமாகவே ஆட்டம் தெரிந்தவன் அவன் ஒருவன் என்று என் கணவரே சொல்வார். தெலுங்கு பேசும் வீடு, பி.ஏ. முடித்துவிட்டு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். என்னை எப்போதும் "வதினா" என்றுதான் கூப்பிடுவான். அவர்கள் பேச்சில் அண்ணி. கடை வாசலில் நின்று, உள்ளே என் கணவர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பேசினான்.

"வதினா, டவுன் கிளப்புல என்னக் கூப்புடறாங்க."

"எந்த டவுன் கிளப்பு?"

"அதேதான்."

நான் கத்திரியைக் கீழே வைத்தேன்.

"போலீஸ்ல விளையாட்டுக் கோட்டா இருக்குது வதினா. இந்த சீசன் ஆடலைன்னா சர்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். அண்ணங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. ஆனா அவரு சாப்புட்டு முடிச்ச பிறகு சொல்லு."

சாயங்காலம் வந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நின்றான். என் கணவர் கை கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவன் போன பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினார். அவன் வேறு கிளப்புக்குப் போக கேப்டன் கையெழுத்து வேண்டும். அங்கே நடந்ததை அப்போது அங்கே பைக் சர்வீஸுக்கு விட்டிருந்த என் தம்பி பார்த்தான்.

"அந்த கிளப்புக்கா?" என்று கேப்டன் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டாராம். "உலகத்துல வேற கிளப்பே இல்லையா அவனுக்கு?"

"அவங்கதான கூப்புட்டாங்க. வேற எவன் கூப்புட்டான்?"

"நம்ம தலைல மண்ணப் போட்ட பசங்கடா."

"மண்ணு நாமளே போட்டுக்கிட்டது" என்றாராம் என் கணவர். "நம்ம வயசுக்கு நாம உக்காந்துட்டோம். அவன் வயசுக்கு அவன் உக்கார முடியுமா? கையெழுத்துப் போடு."

கேப்டன் போட்டார். போட்டுவிட்டு, "நல்லா ஆடலைன்னா திரும்பிக் கூட்டிட்டு வந்துருவேன்னு சொல்லு" என்றாராம்.

டவுன் கிளப் பனியனில் அவன் ஆடும் முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போவது என்று முடிவானது. முடிவு செய்தது யார் என்று தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பல நாளுக்குப் பிறகு ஒரு செய்தி: வேன் மூணு மணிக்கு. ஓவர்டைம்காரர்கூட வந்துவிட்டார். நான் என் கணவரிடம், நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு? உனக்கு என்ன தெரியும்?"

"பந்து வெளிய இருந்து உள்ள போகக்கூடாதுன்னு தெரியும்."

இத்தனை வருஷத்தில் நான் அந்த மைதானத்துக்குப் போனதே இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு கரை மாதிரி மண் மேடு. அதில் வரிசையாக உட்கார்ந்தோம். குடையோடு ஒரு பெரியவர் எங்களை நோக்கி வேகமாக வந்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் லீக் செயலாளர் என்று கணவர் காதில் சொன்னார். வந்தவர் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"தகராறு எதுவும் வேண்டாங்க" என்றார்.

"ஆட்டம் பாக்க வந்தோங்க" என்றார் கேப்டன்.

"எல்லாருமா?"

"எங்க பையன் ஆடறான்."

செயலாளர் எங்களை ஒருமுறை எண்ணுவது போலப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும். "பாருங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் டீ வந்தது.

எங்கள் ஆள் ஆடினான். அவன் ஓடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டெம்போவைவிட வேகமாக ஓடினான். பந்து அவன் காலுக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஆண்கள் எழுந்தார்கள். டவுன் கிளப்பின் வேறு யாராவது பந்தை எடுத்தால் உட்கார்ந்தார்கள். அவன் ஒரு கோல் போட்டதும் கேப்டன் கை தட்டினார். பிறகு அது யாருக்கான கோல் என்பது நினைவு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். அவன் எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினான். டவுன் கிளப் ஆட்கள் அவனை முதுகில் தட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் என் கணவர் பந்தைப் பார்க்கவில்லை. தெற்குப் பக்கக் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதானா?" என்றேன்.

"அதுதான்."

நான் அதுவரை ஏதோ சின்ன ஓட்டை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பிளாஸ்டிக் குடத்தை அப்படியே உள்ளே விடலாம் போல இருந்தது. இத்தனை நடந்த பிறகும் அதை யாரும் தொடவில்லை. காற்று அடிக்கும்போது அந்த இடம் வாயைத் திறந்து மூடியது. ஒரு தையல்காரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்குப் புரியாது.

அடுத்த முறை போகும்போது கோணி ஊசியும் நைலான் கயிறும் எடுத்துக்கொண்டேன். வேனில் அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "நமக்கு எதுக்கு அது? அவங்க கிரவுண்டு, அவங்க நெட்டு."

"நம்ம பையன் அந்தப் பக்கம் அடிக்கறான். நாளைக்கி அவன் அடிச்சு அதே மாதிரி போனா, இன்னொருத்தன் பந்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காருவான். வேணுமா?"

அவர் கயிற்றின் முனையை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டம் தொடங்க நேரம் இருந்தது. இரண்டு அணியும் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் நேராகக் கோலுக்குப் போய்ப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். செயலாளர் குடையோடு ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கிழிஞ்சிருக்குதுங்க."

"நாங்களே சரி பண்ணியிருப்போமேம்மா."

"பண்ணலீங்களே."

அவர் அங்கேயே நின்றார். வலை தொளதொளவென்று இருந்ததால் ஊசி பிடிக்கவில்லை. இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். டவுன் கிளப்பின் கீப்பர் பையன் வந்து ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. மேட்டைப் பார்த்தேன். என் கணவர் எழுந்து, மைதானத்தைச் சுற்றி வராமல் குறுக்காகவே நடந்து வந்தார். அந்தக் கோட்டின் மேல் ஒரு நொடி நின்றார். பிறகு உள்ளே வந்து கம்பத்தின் அருகே வலையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இழுங்க. ம், போதும்."

அவர் அன்று உட்கார்ந்த இடம் எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. கயிறு பற்றாமல் போய்விடுமோ என்று மட்டும் கேட்டார். டவுன் கீப்பரிடம், "தம்பி, ஓரத்துல இருந்து அடிச்சா முன்னால வராத. கம்பத்தோட நில்லு" என்றார். அந்தப் பையன், "சரிங்கண்ணா" என்றான். நான் முடிச்சுப் போட்டுப் பல்லால் கயிற்றை அறுத்தேன். செயலாளர் விரலால் வலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீ சாப்புட்டுப் போங்க" என்றார்.

அன்று திரும்பும்போது வேனில் பாட்டு போட்டார்கள்.

இதற்கிடையில் எங்கள் ஊர் மைதானத்தில் வேறொன்று நடந்தது. ரயில் பாதையில் தண்டவாளம் மாற்றும் வேலை வந்தது. ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். சந்தைக்குப் போக என் கணவரின் பஸ்ஸில்தான் ஏறுவார்கள். டிக்கெட் கொடுக்கும் அளவுக்கு அவருக்கு இந்தி தெரியும். ஒரு ஞாயிறு இவர் டியூட்டி இல்லாமல் மைதானத்துக்குப் போயிருக்கிறார். ஏழெட்டுப் பேர்தான் இருந்திருக்கிறார்கள். கொட்டகைக்காரர்கள் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன், இவரை அடையாளம் தெரிந்து, "பையா, ஹம் பி கேலேங்கே?" என்று கேட்டிருக்கிறான். அண்ணா, நாங்களும் ஆடலாமா என்பது இவருக்குப் புரிந்துவிட்டது.

கேப்டனுக்குப் பிடிக்கவில்லை. "கிளப் கிரவுண்டுடா இது" என்றார்.

"கிளப்பு எங்கடா இருக்குது?" என்றார் என் கணவர்.

வெறுங்காலோடு ஆடினார்கள். கேட்டவன் குள்ளமாக, ஒல்லியாக இருப்பான். முதல் பத்து நிமிஷத்திலேயே பந்தைக் கேப்டனின் இரண்டு காலுக்கும் நடுவில் தட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டான். கேப்டன் திரும்பிப் பார்த்தபடி நின்றார். எல்லோரும் பயந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக அவனிடம் போய்க் கையைக் காட்டி, "நாளைக்கி? அடுத்த வாரம்? வருவியா?" என்று தமிழிலேயே கேட்டார். அவன் எதற்கென்று தெரியாமல் தலையாட்டினான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஆட்டம் நடந்தது. பாயின்ட் கிடையாது, பட்டியல் கிடையாது. யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றார்கள். ஜாக்கெட் லைனிங்கில் மிச்சமான துணியில் கையில்லாத மேல்சட்டைகள் தைத்துக்கொடுத்தேன், சிவப்பில் பாதி, பச்சையில் பாதி. தக்காளித் தோட்டத்துக்குப் போனவர் திரும்பி வந்தார். அவர் மனைவி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளும் சாயங்காலம் மைதானத்துப் பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தாள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி கேட்பதை நிறுத்தினார். துவரம்பருப்பு டப்பா பழைய இடத்துக்கு வந்தது.

சீசன் முடிந்த பிறகு செயலாளர் கேப்டனுக்கு போன் செய்தார். ஒரு சீசன் கழிந்துவிட்டதால் கடைசிப் பிரிவில் புதிதாகச் சேர விண்ணப்பிக்கலாம்; ஆனால் மன்னிப்பு எழுதித் தர வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கூடிப் பேசினார்கள். நான் சட்டை கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். பாதிப் பேர், இப்படியே நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். மீதிப் பேர், லீக் லீக்தான் என்றார்கள். கேப்டன் மட்டும் தலையைக் குனிந்து ஒரு செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஆடணும்னுதான் இருக்குது" என்றார் கடைசியில். "ஆனா தப்புப் பண்ணிட்டேன்னு என் வாயால வராது."

"உன் வாயால வர வேண்டாம்" என்றார் என் கணவர். "முதல்ல உக்காந்தது நான். நீ எனக்காவ உக்காந்த. நான் போறேன்."

லைனிங் துணி வாங்க வேண்டியிருந்ததால் நானும் தருமபுரிக்குக் கூடவே போனேன். செயலாளர் வீட்டில் அவர் மனைவி காபி கொடுத்தார். என் கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசினார்.

"ரெஃப்ரி விசில் குடுத்த பிறகு உக்காந்தது தப்புங்க. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். ஆனா அது கோல் இல்லீங்க."

செயலாளர் தன் மனைவி பக்கம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது கோல் இல்லைனு எனக்கும் தெரியுங்க. மறுநாளே போயி நெட்டப் பாத்தேன். ஆனா ரெஃப்ரி கோல்னு எழுதிக் குடுத்துட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொல்லியிருந்தா மொத்த லீக்கும் உக்காந்திருக்கும்."

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், காபி சட்டையில் கொட்டியது. செயலாளரும் சிரித்தார். "முதல்ல சொன்னீங்களே, அத மட்டும் எழுதிக் குடுங்க. ரெண்டாவது சொன்னது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது என் கணவர், "நல்ல மனுசன்" என்றார். சிறிது தூரம் போய், "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் இரண்டும் சரியென்றுதான் பட்டது.

கடைசிப் பிரிவு என்றால் பள்ளிக்கூட மைதானங்கள். கல்லும் முள்ளும் பொறுக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். எதிரில் பாதி அணிகள் கல்லூரிப் பையன்கள். சீசன் தொடங்கும் முன்பே தண்டவாள வேலை முடிந்து ஜார்க்கண்ட் இளைஞர்கள் காட்பாடிப் பக்கம் போய்விட்டார்கள். போகும் நாளில் சிவப்பு, பச்சைச் சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குள்ளமானவன் மட்டும் சிவப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டான். நான் இரண்டு கொடுத்தேன்.

எங்கள் ஃபார்வர்டு போலீஸ் தேர்வில் தேறிவிட்டான். பயிற்சிக்குப் போகும் முன் இரண்டு கிளப்புக்கும் இனிப்பு கொடுத்தான். கேப்டன் பெட்டியை வாங்கிக்கொண்டு, "டவுன் கிளப்புக்கு எவ்வளவு பெரிய பெட்டி குடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

ஆக, அவனும் இல்லாமல் அவர்களும் இல்லாமல்தான் புது சீசனுக்குப் போனோம். போனோம் என்று சொல்வது சரிதான். ஆர்டர் இல்லாத ஞாயிறுகளில் நானும் வேனில் ஏறிவிடுகிறேன். முதல் ஆட்டத்தில் பையன்கள் எங்களை ஓட ஓட விரட்டினார்கள். என் கணவர் ஒவ்வொரு முறையும் விழுந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னார். தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது கோல் எப்படிப் போனது என்று விளக்க ஆரம்பித்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபடி தேய்த்தேன். இரண்டாவது ஆட்டமும் தோல்வி. மூன்றாவது சமம்.

போன மாதம் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் வெற்றி வந்தது. ஒரே கோல். ஓவர்டைம்காரர் தலையில் பட்டுப் போனது. அவரே அதைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டே என் போனை வாங்கி, காட்பாடியில் இருக்கும் அந்தக் குள்ளமான இளைஞனுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே ஏதோ பாலத்தடியில், ஹெல்மெட்டோடு அவன் தெரிந்தான்.

"ஜீத் கயே?" என்று கத்தினான். ஜெயித்துவிட்டீர்களா என்கிறான்.

"ஹம் ஜீத்தா" என்றார் கேப்டன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த என் கணவர், "தப்பாச் சொல்றடா" என்றார். "அவனுக்குப் புரிஞ்சுது, உனக்கென்ன?" என்று கேப்டன் சொல்லிவிட்டு ஒரு விரலைத் திரையில் காட்டினார். அவன் அங்கிருந்து இரண்டு கையையும் தூக்கினான். பின்னால் யாரோ அவனை வேலைக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது, போன் நின்றுவிட்டது.

பிறகு எல்லோரும் வேனில் ஏறினார்கள். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்திருந்தது. கடத்தூரில் நிறுத்தி டீயும் போண்டாவும் சாப்பிட்டோம். ஓவர்டைம்காரரிடம் கோல் போட்டது எப்படி என்று டீக்கடைக்காரர் கேட்டார். அவர் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் குறுக்கிட்டுத் திருத்தினார்கள்.